ஏற்காட்டில் ஓர் ஓய்வு நாள்: சேர்வராயன் மலையில் நடக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேர்வராயன் மலையில் மூன்று நான்கு நாள் நடக்கலாம் என்று சேலம் வந்து இறங்குகிறவர்கள் பாதையைப் பற்றி எல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள். நடுவில் விட்டிருக்கும் ஓய்வு நாளுக்கு மட்டும் ஒரு யோசனையும் இருக்காது. கடைசியில் வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து, டிரைவர் சொல்கிற 'பாயிண்ட்' எல்லாம் ஏறி இறங்கி, நடந்த நாளைவிட அதிகக் களைப்போடு படுப்பார்கள். அந்த ஒரு நாளைப் பற்றி நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்பதையும், சேலத்துக்காரனாக நான் சொல்வதையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

ஏற்காடு வெறும் ஐயாயிரம் அடி. இதற்கெல்லாம் ஓய்வு நாள் தேவையா?

தேவை. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல் எல்லாம் பொதுவாக 2,500 மீட்டர் தாண்டினால்தான், அதனால் அந்தப் பயம் இங்கே வேண்டாம்.

இங்கே கால்களை வாட்டுவது இறக்கம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, அங்கிருந்து மலை ஒரே மூச்சில் எழும்புகிறது. மேலே வந்த பிறகும் நிலம் சமமாக இல்லை, ஒவ்வொரு ஊரும் ஒரு பள்ளத்திலோ மேட்டிலோதான் இருக்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, அதில் தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாது. ஒரு நாள் கழித்து ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகுதான் இறங்கும். முதல் நாள் மாலை 'எனக்கு ஒன்றுமே இல்லை' என்று சொல்கிறவர் மூன்றாம் நாள் காலையில் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார். இளவயது, முதுவயது என்று இதில் பெரிய வித்தியாசம் இல்லை, வழக்கமாக மலை இறங்குகிறவரா இல்லையா என்பதுதான் கணக்கு.

எந்த நாளை ஓய்வு நாளாக வைப்பது?

இரண்டு நாள் நடந்த பிறகு மூன்றாவது நாள். நான்கு நாள் பயணத்துக்கு இதுதான் சரியாக வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு: அந்த மூன்றாவது நாள் சனி, ஞாயிறில் விழாதபடி கிளம்புங்கள். சேலம், நாமக்கல், ஈரோடு, பெங்களூரு என்று எல்லா ஊர் வண்டியும் வார இறுதியில் மேலே ஏறிவிடும், ஏரிக்கரையில் நிற்கவே இடம் இருக்காது. செவ்வாய், புதன் என்றால் அதே ஊர் வேறு ஊராக இருக்கும், அறை வாடகையும் குறையும். மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்கள் பூவுக்காக வருகிறவர்களுக்கு நல்லவை, ஓய்வுக்காக வருகிறவர்களுக்கு இல்லை. காட்டுப் பாதைகளும் கோடையில் தீ அபாயத்தால் மூடப்படுவது உண்டு என்பதால், நடக்க வருகிறவர்கள் மழை ஓய்ந்த பிறகு டிசம்பர், ஜனவரியில் வருவதையே நான் சொல்வேன்.

ஓய்வு என்றால் அறையிலேயே படுத்துக் கிடக்கலாமா?

கிடக்கலாம், ஆனால் சாயங்காலம் எழுந்திருக்கும்போது கால் மரக்கட்டையாக இருக்கும். சமதரையில் மெதுவாக நடந்தால் வலி குறைவாகத் தெரியும். மொத்தமாக மூன்று நான்கு கிலோமீட்டர், அதுவும் விட்டு விட்டு. முதுகில் பை கூடாது.

அப்படியானால் கிளியூர் அருவிக்குப் போய்விட்டு வரலாமே? ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர்தானே?

வேண்டாம். இதை எல்லோரிடமும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

கிளியூர் அருவி 300 அடி உயரம், மழைக்குப் பிறகு பார்த்தால் மறக்க மாட்டீர்கள், ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரும் அதில்தான் போய்ச் சேர்கிறது. ஆனால் வண்டி நிற்கிற இடத்திலிருந்து அருவியின் அடிக்குப் போக செங்குத்தாக இறங்க வேண்டும், இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும். ஈரமான படி, வழுக்கும் பாறை, களைத்துப்போன தொடை, மூன்றும் சேர்ந்தால் கணுக்கால் பிசகுவதற்கு வேறொன்றும் தேவையில்லை. ஓய்வு நாள் என்பது இறக்கம் இல்லாத நாள், என்னைப் பொறுத்தவரை அதற்கு அந்த ஒரு விதிதான். அருவியை நடக்கிற நாட்களில் ஒன்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது முதல் நாள் கால் புதிதாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். கோடையில் அங்கே தண்ணீரே இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கரடி குகைக்கும் இதே பதில்தான், குனிந்து தவழ்ந்து போகிற வேலை எல்லாம் இன்னொரு நாளைக்கு.

காலையை எப்படி ஆரம்பிப்பது?

தாமதமாக. மலையில் நடக்கும்போது இருட்டிலேயே எழுந்து பழகியிருப்பீர்கள், அன்றைக்கு ஒரு நாள் அலாரம் வைக்காதீர்கள். ஆனால் எழுந்ததும் முதல் வேலை துணி துவைப்பது. ஏற்காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் சாக்ஸ் காயவே காயாது, காலை ஒன்பது மணி வெயிலில் கொடியில் போட்டால்தான் மாலைக்குள் எடுக்க முடியும். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கிற மெத்தை அட்டையை (இன்சோல்) வெளியே எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள், ஈரத்தை இழுத்துவிடும். அன்று முழுக்க செருப்புதான். காலுக்குக் காற்று படட்டும், கொப்புளம் இருந்தால் குத்தி உடைக்காமல் மூடி மட்டும் வையுங்கள்.

அப்புறம் ஒண்டிக்கடைக்குப் போங்கள். ஏற்காட்டின் நடு இடம் அதுதான், பஸ், ஆட்டோ, டீக்கடை, மருந்துக்கடை, ஏடிஎம் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். காலையில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கீழே சேலத்துக்கு வேலைக்கு இறங்குகிறவர்கள் என்று ஊர் தன் சொந்த வேலையில் இருக்கும் நேரம் அது. பத்து மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் வந்து சேர்ந்த பிறகு அந்த முகம் மறைந்துவிடும். ஒரு டீ, இரண்டு இட்லி, ஒரு பேப்பர், ஒரு மணி நேரம். எந்தப் பேருந்து எந்தக் கிராமத்துக்கு எப்போது போகிறது என்று டீக்கடையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

ஏரியில் படகு போகலாமா?

தாராளமாக. ஆனால் மிதி படகு வேண்டாம், முந்தின இரண்டு நாளும் உழைத்த அதே தொடைதான் அதிலும் வேலை செய்ய வேண்டும். ஆள் துடுப்பு போடுகிற படகில் ஏறிச் சும்மா உட்காருங்கள். பக்கத்திலேயே அண்ணா பூங்கா இருக்கிறது, பெஞ்சு போட்ட நிழல். மழை நேரத்தில் படகை நிறுத்திவிடுவார்கள்.

தாவரவியல் தோட்டம் பார்க்க வேண்டிய இடமா? டிரைவர்கள் யாரும் அங்கே கூட்டிப் போவதாகச் சொல்வதில்லையே?

ஓய்வு நாளில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டமும் சோதனைத் தோட்டமும் இங்கேதான் இருக்கின்றன, 1963இல் தொடங்கியது. பூச்செடி வரிசையாக வைத்த பூங்காவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தென்னிந்தியக் காடுகளிலிருந்து கொண்டுவந்த ஆர்க்கிட்கள், பூச்சி தின்னும் குடுவைச் செடி, அழிந்துகொண்டிருக்கிற மரங்கள் என்று ஆராய்ச்சிக்காக வளர்ப்பவை. குடுவைச் செடி மேகாலயாவின் காசி மலையைச் சேர்ந்தது. இலையின் நுனியே குடுவையாகி, உள்ளே விழுகிற பூச்சியைச் செரித்துக்கொள்ளும், அது வளர்கிற மண்ணில் சத்து குறைவு என்பதால் அப்படி.

இரண்டு நாள் காட்டுக்குள் நடக்கும்போது 'இது என்ன மரம்' என்று கேட்டு யாருக்கும் தெரியாமல் விட்டவை இருக்குமே, அவற்றில் சிலவற்றை இங்கே பெயர்ப் பலகையோடு பார்க்கலாம். வெர்னோனியா செவராயென்சிஸ் என்று ஒரு சிறுமரம் உண்டு, சேர்வராயன் மலைக்கே உரியது, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை, மலையின் பெயரையே தன் பெயரில் வைத்திருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், பணியாளர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். காடு தெரியாமல் காட்டுக்குள் நடப்பதைவிட, ஒரு பத்து மரமாவது அடையாளம் தெரிந்து நடப்பது வேறு அனுபவம், அதனால்தான் இதை ஓய்வு நாளில் வைக்கிறேன்: மறுநாள் நடக்கும்போது உடனே பயன்படும். அரசு அலுவலகம் என்பதால் விடுமுறை நாளா என்று முதலிலேயே விசாரித்துவிட்டுப் போங்கள். ஆர்க்கிட்கள் எப்போதும் பூத்திருக்காது, பூ இல்லாத நாளிலும் அவை மரத்தைத் தொற்றி வாழும் விதத்தைப் பார்க்கலாம்.

காபித் தோட்டத்துக்குள் போய்ப் பார்க்க முடியுமா?

சாலை ஓரம் நின்று பார்க்க யாரும் தடுக்க மாட்டார்கள், ஏற்காட்டில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு எஸ்டேட் வேலி கூடவே வரும். உள்ளே போவதென்றால் அது தனியார் நிலம், அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். தங்கும் விடுதிகள் சில எஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கின்றன, அங்கே தங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார், அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட் இன்றும் பேசப்படுகிற பெயர். அப்போது ஆரம்பித்தது இன்று வரை மலையின் பொருளாதாரமாக இருக்கிறது. இங்கே அதிகம் அராபிகா வகைதான். வெயில் நேராகப் பட்டால் தாங்காது, அதனால் சில்வர் ஓக், பலா என்று நிழல் மரங்களுக்கு அடியில் வளர்க்கிறார்கள், அந்த மரத்தின் மேலேயே மிளகுக் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். ஒரே நிலத்தில் மூன்று விளைச்சல். நீங்கள் நடந்த பாதைகளில் கிடைத்த நிழலில் பாதி இந்த ஏற்பாட்டால் வந்ததுதான்.

எப்போது போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் காட்சி மாறும். மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை பெய்து ஒன்பது பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லிகையைப் போன்ற வாசனை, இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். மழை தவறினால் பூவும் தவறும், அந்த ஆண்டுக் காய்ப்பும் குறையும், அதனால் எஸ்டேட்காரர்கள் அந்த ஒரு மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பு. எல்லாப் பழமும் ஒரே நேரத்தில் சிவக்காது, ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வந்து சிவந்ததை மட்டும் கையால் பறிக்க வேண்டும். அந்தப் பருவத்தில் களத்தில் கொட்டை காய்வதை, பெண்கள் கிளறிவிடுவதைப் பார்க்கலாம். பார்க்கும்போது வேலைக்கு இடைஞ்சலாக நிற்காதீர்கள், எடைக்குக் கூலி வாங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு.

மலைக் கிராமங்களுக்குப் போவதென்றால்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஒண்டிக்கடையில் நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் என்று எந்தப் பலகை போட்ட பேருந்து வருகிறதோ அதில் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, அதே பேருந்திலோ அடுத்ததிலோ திரும்புங்கள். காலுக்கு வேலையே இல்லை, மலையின் பாதியைப் பார்த்துவிடலாம். இறங்கும் முன் நடத்துநரிடம் 'அண்ணா, திரும்ப எத்தனை மணிக்கு வண்டி?' என்று கேட்டுக்கொள்ளுங்கள், உள் கிராமங்களுக்கு நாளைக்குச் சில நடைதான்.

சொந்த வண்டி இருந்தால் ஏரியில் ஆரம்பித்து ஏரியிலேயே வந்து முடிகிற 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலை இருக்கிறது, ஊரில் 'லூப் ரோடு' என்றே சொல்வார்கள். நாகலூர்ப் பக்கம் ஸ்ரீசக்ர மகாமேரு கோயிலும் ராஜராஜேஸ்வரி கோயிலும் இருக்கின்றன.

இந்தக் கிராமங்களில் வாழ்கிறவர்கள் மலையாளி பழங்குடியினர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, தமிழ்தான் பேசுகிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்ததாகவும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலை, கொல்லிமலையிலும் தங்கியதாகவும் அவர்களுடைய மரபுக் கதை சொல்கிறது. சாமை, தினை, ராகி விளைவித்துச் சாப்பிட்டவர்கள், இன்றும் சில வயல்களில் அவற்றைப் பார்க்கலாம். ஊருக்குள் போகும்போது விருந்தாளியாகப் போங்கள். முதலில் ஒரு பெரியவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, 'ஐயா, ஊரைப் பார்க்கலாமா?' என்று கேட்டால் அவரே பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவார். கேட்காமல் வீட்டுக்குள்ளும் ஆட்கள் முகத்துக்கு நேராகவும் கேமராவை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் வாழ்கிற ஊர் அது.

சேர்வராயன் கோயில் ஓய்வு நாளுக்கு ஒத்துவருமா?

வண்டியில் போனால் ஒத்துவரும், கிட்டத்தட்ட கோயில் வரைக்கும் சாலை இருக்கிறது. மலையின் உச்சி பரந்த மேட்டு நிலம், எப்போதும் காற்று. கோயில் ஒரு குகை, குனிந்து உள்ளே போக வேண்டும், சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே இருக்கிறார்கள். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. கோடையில் திருவிழா நடக்கும்போது மலையின் எல்லாக் கிராமத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள், அன்றைக்குப் போக வாய்த்தால் ஓய்வைப் பற்றிக் கவலைப்படாமல் போங்கள். சுற்றியுள்ள சிவந்த மண்ணில் பாக்சைட் இருக்கிறது, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்து வெட்டி எடுத்துப் போனார்கள். அந்தத் தழும்புகளையும் அங்கே பார்ப்பீர்கள்.

என்ன சாப்பிடலாம்?

நிறையச் சாப்பிடுங்கள், அதுதான் முதல் பதில். நடந்த நாட்களில் தசையில் இருந்த மாவுச்சத்து கரைந்திருக்கும், அது திரும்ப நிரம்ப ஒரு நாளாவது ஆகும். சோறு, இட்லி, களி எதுவானாலும் வயிறு நிறைய, கூடவே முட்டை, பருப்பு, சுண்டல் என்று புரதம்.

ஏரிக்கரையில் வேகவைத்த மக்காச்சோளம், மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா, சூடான மிளகாய் பஜ்ஜி எல்லாம் கிடைக்கும், குளிரில் பஜ்ஜிக்கு ஈடே இல்லை. எண்ணெய்ப் பலகாரத்தைக் கொஞ்சமாக வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலையில் ஏற்றம் இருக்கிறது. பழம் எந்தப் பருவத்திலும் ஏதாவது இருக்கும்: குளிர்காலத்தில் மலை ஆரஞ்சு, கோடையில் பலா, பிறகு பேரிக்காய், பட்டர் ஃப்ரூட். தண்ணீர் குடிக்க மறக்கிறவர்கள் அதிகம், குளிர் ஊர் என்பதால் தாகமே தெரியாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டுக்கு என்ன வாங்கலாம்?

காபித்தூளும் மிளகும். மற்றவற்றை வாங்காமல் வந்தாலும் நஷ்டமில்லை. காபி வாங்கும்போது கடைக்காரரிடம் பீபெரியா (பழத்துக்குள் ஒற்றையாக விளைகிற உருண்டைக் கொட்டை), பிளாண்டேஷன் ஏயா (தரம் பிரித்த தட்டைக் கொட்டை), சிக்கரி எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள், கேட்கிறவருக்குத் தனியாக அரைத்துத் தருவார்கள். சிக்கரி கலந்தால் டிகாக்ஷன் கெட்டியாக, நிறமாக இறங்கும். கலக்காமல் வாங்கினால் அந்த மலையின் வாசனை அப்படியே கிடைக்கும். ஒரு தடவையாவது கலக்காமல் வாங்கிப் பாருங்கள்.

இன்னும் நடக்க வேண்டிய நாட்கள் மிச்சமிருந்தால் வாங்கியதை முதுகில் சுமக்காதீர்கள். விடுதியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது தபாலில் அனுப்பிவிடுங்கள்.

மழையும் மூடுபனியுமாக இருந்தால் நாள் வீணா?

இல்லை. மூடுபனியில் வியூ பாயிண்ட் எதுவும் தெரியாது, அவ்வளவுதான். அன்றைக்குத் தோட்டமும் டீக்கடையும் புத்தகமும். ஆனால் பலத்த மழை என்றால் மலைப்பாதையைப் பற்றி யோசிக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வருகிறவர்கள் பயணத்தின் கடைசியில் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள், குப்பனூர் வழியாக இன்னொரு சாலை இருக்கிறது என்பதையும் தெரிந்து வையுங்கள்.

குரங்கு, காட்டெருமை?

குரங்குகள் பயப்படுவதில்லை, கையில் பையோ பிளாஸ்டிக் கவரோ இருந்தால் தின்பண்டம் என்றுதான் முடிவு செய்யும். உணவு போடாதீர்கள். காட்டெருமைகள் எஸ்டேட் ஓரங்களில் அந்தி நேரத்தில் வருவது உண்டு, பார்த்தால் நின்று, சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். தனியாக நிற்கும் காட்டெருமையிடம் செல்ஃபி எடுக்கப் போவது உயிரோடு விளையாடுவது.

அன்றைக்கு அம்மா அப்பா, குழந்தைகள் சேலத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்ளலாமா?

நல்ல யோசனை, ஓய்வு நாளுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது, அவர்களுடைய வேகம்தான் உங்கள் காலுக்கும் வேண்டும். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குழந்தைகளுக்கு வாந்தி வரும், வயிறு நிறையச் சாப்பிட வைத்து ஏற்றாதீர்கள், முன் இருக்கையில் தூரத்தைப் பார்த்தபடி உட்காரட்டும். அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது, பிள்ளைகளுக்கு அங்கே ஒரு மணி நேரம் பொழுது போகும். பிளாஸ்டிக் பை, கப் எதையும் மேலே கொண்டுவர வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள், 2019 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை, மலையில் அது கண்ணெதிரே பள்ளத்தில் போய்ச் சேர்கிறது.

ஓய்வு நாளில் சேலத்துக்கே இறங்கி வந்தால்?

நடுவில் என்றால் வேண்டாம். போக வர அறுபது கிலோமீட்டர், நாற்பது வளைவு, கீழே வெயில். பயணத்தின் கடைசியில் என்றால் கட்டாயம் வாருங்கள், இது என் ஊர், ஒரு மாலையாவது கொடுங்கள். இறங்கும் வழியில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு நிற்கிறது, 1930களில் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த படநிறுவனத்தில் இன்று மிச்சமிருப்பது அதுதான். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை நடக்கிறது. கோட்டை மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் எந்தத் தெருவோரக் கடையிலாவது தட்டுவடை செட் சாப்பிடுங்கள்: இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவே சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். அப்படியே வாயில் போட வேண்டும், கடித்தால் சிந்தும். அதையே நொறுக்கிக் கலந்து தருவது நொறுக்கல். மே, ஜூன் என்றால் மல்கோவா.

சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏற்காடு எக்ஸ்பிரஸ் மலைக்கு ஏறாது, அது ஈரோட்டுக்கும் சென்னைக்கும் இடையில் ஓடுகிற ரயில், சேலம் சந்திப்பில் ஏற வேண்டும்.

எந்த வலிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு தொடையும் ஒரே மாதிரி வலித்தால் அது நடந்த வலி, சில நாளில் குறையும். ஒரு முட்டி மட்டும் வீங்கினால், கால் ஊன்றவே முடியாவிட்டால், சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போனால், காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள். ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

மாலைக்கு எங்கே?

லேடீஸ் சீட். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னால் போய் உட்காருங்கள், கீழே நீங்கள் ஏறி வந்த மலைப்பாதை வளைந்து வளைந்து தெரியும், வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணை வரைக்கும் தெரியும், இருட்டியதும் சேலம் முழுக்க விளக்கு. பக்கத்திலேயே ரோஜாத் தோட்டமும் பட்டுப்பண்ணையும் இருப்பதால் சீக்கிரம் போனாலும் பொழுது போகும். பகோடா பாயிண்ட் கிழக்குப் பக்கம், அது காலைக்குத்தான் நல்லது.

மறுநாள் நடக்க அன்று இரவே என்ன செய்து வைக்க வேண்டும்?

அனுமதியைச் சரிபாருங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம் என்று விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்யலாம். வழிகாட்டிக்கு இரவே போன் செய்து நேரத்தையும் இடத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள், உள் கிராமங்களில் சிக்னல் கிடைக்காது, கையில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். கொடியில் போட்ட சாக்ஸைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் அதைப் போட்டு நடக்காதீர்கள், மாற்று ஜோடியை எடுங்கள். தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்துவிடுங்கள்.